பூனைகள் இருக்கும் வீட்டில் பால் பைத்தான் வளர்க்கலாமா?

கேள்வி: லண்டன் ஈஸ்ட் ஹாமில் இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் இருக்கிறோம். ஐந்து வயதுப் பூனை ஒன்று, எட்டு மாதக் குட்டி ஒன்று. 15 வயது மகன் பிறந்தநாளுக்குப் பால் பைத்தான் (ball python) என்ற சிறிய மலைப்பாம்பு வேண்டும் என்கிறான், தன் அறையிலேயே வைத்துக்கொள்வானாம். பாம்பு குட்டியை விழுங்கிவிடுமோ என்று என் கணவருக்குப் பயம். 71 வயது மாமியாரும் எங்களோடு இருக்கிறார். சின்னதிலிருந்தே பழக்கினால் பூனையும் பாம்பும் ஒத்துப்போகும் என்று மகன் வீடியோக்களைக் காட்டுகிறான். வாங்கித் தரலாமா?

பதில்: தரலாம். ஆனால் மகனின் அறைக்கதவு எந்நேரமும் மூடியிருக்க வேண்டும், பூனைகளுக்கு அந்த அறை இனி இல்லை என்றாக வேண்டும். இது நடக்காது என்று தோன்றினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலில் உங்கள் கணவரின் பயம். பிரிட்டனில் ராயல் பைத்தான் என்ற பெயரில் விற்கும் இந்தப் பாம்பு மேற்கு, மத்திய ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது. நஞ்சில்லாதது. வளர்ந்த பிறகும் பெரும்பாலும் ஒன்றரை மீட்டருக்குள், ஒன்றிலிருந்து இரண்டு கிலோ வரை இருக்கும். எட்டு மாதப் பூனையை அதனால் விழுங்க முடியாது. கண் திறக்காத பிஞ்சுக் குட்டிகள் இருக்கும் வீடென்றால் கதை வேறு. பர்மியப் பைத்தான், பெரிய போவா வகைகள் என்றாலும் வேறு. அவை முழுப் பூனையையே விழுங்கக்கூடியவை, பூனை இருக்கும் வீட்டுக்கு ஆகவே ஆகாது.

உங்கள் வீட்டில் ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. இந்த ஜோடியில் என்னிடம் சிகிச்சைக்கு வருவது பாம்புதான். பூனை கடித்த இடத்தில் பெரிய காயம் இருக்காது. செதில்களுக்கு நடுவே ஊசி குத்தியதுபோல் இரண்டு புள்ளிகள், ஒரு துளி ரத்தம், அவ்வளவுதான். வீட்டார் துடைத்துவிட்டுக் கூண்டில் விட்டுவிடுவார்கள். பூனையின் வாயில் இருக்கும் பாஸ்டுரெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அந்தச் சிறு துளை வழியே ஆழமாக இறங்கிவிடும். பாம்பின் சீழ் நம்முடையதைப்போல நீர்த்து வடியாது, பனீர்போல் கெட்டியாகி உள்ளேயே தங்கும். சில நாள் கழித்து அந்த இடத்தில் விரலால் தடவினால் கடினமான கட்டி தட்டுப்படும். அதற்குள் தொற்று ரத்தத்தில் கலந்திருக்கலாம். அதனால் பூனையின் பல்லோ நகமோ பட்டது என்ற சந்தேகம் வந்தாலே, காயம் தெரியாவிட்டாலும், அன்றே ஊர்வனவற்றைப் பார்க்கும் மருத்துவரிடம் கொண்டுபோங்கள். நம் வீட்டு வலிநிவாரணிக் களிம்புகளைத் தடவ வேண்டாம். சமையல் டிஷ்யூ விரித்த, காற்றுத்துளை உள்ள பெட்டியில் வைத்து எடுத்துச் சென்றால் போதும்.

மகன் காட்டும் வீடியோக்களுக்கு வருகிறேன். பூனைக்கு அருகில் அசையாமல் சுருண்டு கிடக்கும் பாம்பை நட்பு என்கிறார்கள். பால் பைத்தான் பயந்தால் செய்வதே அதுதான்: தலையை உள்ளே வைத்து உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். காட்டில் இது கொறிவிலங்குகளின் வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் ஒளிந்து வாழும் பிராணி. அதற்குக் கண்ணாடிக்கு வெளியே உட்கார்ந்து முறைக்கும் பூனை, வளை வாசலில் காத்திருக்கும் வேட்டை விலங்குதான். கத்தத் தெரியாததால் அதன் அவதி நமக்குத் தெரிவதில்லை. இரையை மறுக்கும், இரவெல்லாம் கண்ணாடியில் மூக்கைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கிக்கொள்ளும். இந்த இனம் குளிர்காலத்தில் இயல்பாகவே வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது உண்டு, அதற்காகப் பதற வேண்டாம். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடை பார்த்துக் குறித்து வையுங்கள். எடை தொடர்ந்து இறங்கினால்தான் கவலைப்பட வேண்டும். எப்படியானாலும் இவை இரண்டையும் பழக்கிவைக்கும் முயற்சியே வேண்டாம். பூனைக்கு அதில் ஒன்றும் கிடைக்கப் போவதில்லை, பாம்புக்கு அது தண்டனை.

கூண்டு விஷயத்தில், மேலே வலைமூடி போட்ட கண்ணாடித் தொட்டியை வாங்காதீர்கள். விளக்கின் சூடு மேலே வரும், பூனைக்கு அதைவிட நல்ல படுக்கை கிடைக்காது. வலை தொய்யும், நகம் உள்ளே போகும், பூனை படுத்தால் காற்றோட்டமும் கெடும். முன்பக்கம் நகரும் கண்ணாடிக் கதவு வைத்த மர விவேரியம்தான், அதாவது பாம்பு வளர்க்கும் மரப்பெட்டிதான், உங்கள் வீட்டுக்குச் சரி. வளர்ந்த பாம்புக்கு 120 செ.மீ. நீளம், 60 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரம் இருந்தால் நல்லது, பாம்பு உடலை முழுக்க நீட்ட இடம் வேண்டும். சூடான பக்கம் 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 24 முதல் 26 வரை, இரண்டு பக்கமும் ஒவ்வொரு ஒளிவிடம். கதவுக்குச் சாவிப் பூட்டு அவசியம். இரண்டு கண்ணாடிகளும் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் உள்ள இடுக்கையும் பட்டை வைத்து அடையுங்கள், குட்டிப் பாம்பு அதில் நுழைந்து வெளியே வந்துவிடும். பூனை மேலே தாவினாலும் ஆடாதபடி விவேரியத்தைச் சுவரோடு பிணைத்துவிடுங்கள்.

பலரும் கவனிக்காதது வயர். சூட்டைப் பார்த்து ஹீட்டரை நிறுத்திப் போடும் தெர்மோஸ்டாட்டின் உணர்முனை சூடான பக்கத்தில் உறுதியாகப் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். பூனை வெளியிலிருந்து வயரை இழுத்து அந்த முனை குளிர்ந்த இடத்தில் விழுந்துவிட்டால், கூண்டு இன்னும் சூடாகவில்லை என்று எண்ணி ஹீட்டர் நிற்காமல் எரியும். பாம்பு சுடும் இடத்தை விட்டு எப்போதும் விலகிவிடும் என்று நம்ப முடியாது. அதன் வயிற்றுச் செதில்கள் வெந்துபோனதைப் பார்த்திருக்கிறேன், ஆறுவதற்கு மாதங்கள் ஆகின்றன. எல்லா வயரும் விவேரியத்தின் பின்புறமாகப் போகட்டும், வெளியே தெரியும் பகுதிக்குக் கெட்டியான உறை போடுங்கள்.

அடுத்தது மருந்து. இதில்தான் பூனை சாகும். பாம்பின் செதில்களுக்கு அடியில் மைட் என்ற மிகச்சிறிய ரத்தம் உறிஞ்சிகள் தொற்றுவது உண்டு. அதற்கான சில ஸ்ப்ரேக்களில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. பூனையின் உடலால் பெர்மெத்ரினை முறிக்க முடியாது. நடுக்கம், வலிப்பு, உயிரே போகலாம். மருத்துவரைக் கேட்காமல் மகன் இணையத்தில் மைட் மருந்து வாங்கக் கூடாது. அடித்தே ஆக வேண்டும் என்றால், அந்த அறை காய்ந்து காற்றாடும்வரை பூனை அந்தப் பக்கமே வரக் கூடாது. இதையே திருப்பிப் போட்டும் பாருங்கள். தெள்ளுப்பூச்சிக்கு வீடு முழுக்க அடிக்கும் ஸ்ப்ரேயும் பாம்புக்கு விஷமாகலாம், பாம்பின் அறையில் அடிக்காதீர்கள். பூனையின் கழுத்தில் தெள்ளு மருந்து ஊற்றிய கையோடு பாம்பைத் தொடக் கூடாது.

கையைப் பற்றியே இன்னொன்று. பூனையைக் கொஞ்சிவிட்டு அப்படியே பாம்பை எடுத்தால், ரோம விலங்கின் வாசனையை இரை என்று நினைத்துக் கடிக்கலாம். சோப்புப் போட்டுக் கழுவி, பூனை முடி ஒட்டிய ஸ்வெட்டரை மாற்றிவிட்டு எடுக்கட்டும். எடுத்து விளையாடிய பிறகும் கழுவ வேண்டும், இது மாமியாருக்காக. ஆரோக்கியமான பாம்பின் கழிவிலும் வயிற்றுப்போக்கைத் தரும் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அது கடுமையாக வரும். தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவவே கூடாது. மாமியார் பாம்பைத் தொடவோ அந்த அறையைச் சுத்தம் செய்யவோ வேண்டாம்.

இரையாகக் கொடுக்கும் உறைந்த எலியும் அப்படித்தான். பிரிட்டனில் 2015 முதல் பல ஆண்டுகளாக இந்த எலிகளோடு தொடர்புள்ள சால்மோனெல்லா நோய் நூற்றுக்கணக்கானோருக்கு வந்தது, அவர்களில் நிறையப் பேர் குழந்தைகள். இட்லி மாவும் மீனும் வைக்கும் ஃப்ரீசரில் எலியை வைக்காதீர்கள். முடிந்தால் மகனின் அறைக்குச் சின்ன ஃப்ரீசர் ஒன்று வாங்குங்கள். எலியை மூடி போட்ட டப்பாவில் வைத்து உருகவிட வேண்டும், இல்லாவிட்டால் பூனை எடுத்துக்கொண்டு ஓடிவிடும், அந்த நோய்க்கிருமி சோபா வரைக்கும் வரும். இரை கொடுப்பது கூண்டுக்குள்ளேயே நடக்கட்டும், கொடுத்து இரண்டு நாள் கையில் எடுக்க வேண்டாம்.

கூண்டைத் திறக்கும் முன் இரண்டு பூனைகளும் அறைக்கு வெளியே இருப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத் திறப்பது மகனுக்குப் பழக்கமாக வேண்டும். கட்டிலுக்கு அடியில் ஒன்று தூங்கிக்கொண்டிருக்கும். பாம்பு காணாமல் போனால், தேடுவதற்கு முன் பூனைகளை ஒரு அறையில் அடைத்துவிடுங்கள். பிறகு ரேடியேட்டருக்குப் பின்னால், ஃப்ரிட்ஜுக்கு அடியில், சோபாவின் உள்பக்கம் என்று வெதுவெதுப்பான இடுக்குகளைப் பாருங்கள். இரவில்தான் அது நடமாடும், தரையில் லேசாக மாவு தூவி வைத்தால் போன தடம் தெரியும். வாஷிங் மெஷினை உள்ளே பார்க்காமல் போடாதீர்கள்.

சட்டமும் ஒரு வார்த்தை. இங்கிலாந்தில் 16 வயது நிரம்பாதவருக்கு வளர்ப்புப் பிராணி விற்கக் கூடாது, 2006ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டப்படி அந்தப் பிராணிக்குப் பொறுப்பு பெற்றோருடையது. வாங்குவது நீங்கள், பொறுப்பும் உங்களுடையது. பால் பைத்தான் 20, 30 ஆண்டுகள் வாழும். மகன் பல்கலைக்கழகம் போனபின் எலி உருகவைப்பது நீங்களாக இருக்கலாம். ஊருக்குத் திரும்பும் எண்ணம் இருந்தாலும் யோசியுங்கள்: இது காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் (CITES) என்ற சர்வதேச உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள இனம், அனுமதிகள் இல்லாமல் இந்தியாவுக்குள் கொண்டுபோக முடியாது. பாங்காக்கிலிருந்து பெட்டிகளில் அடைத்து வந்த பால் பைத்தான்களைச் சென்னை விமான நிலையத்தில் சுங்கத்துறை பிடித்த செய்திகளைப் பார்த்திருப்பீர்கள்.

இத்தனைக்கும் பிறகு வாங்குவதாக இருந்தால், பாம்புக்கு முன்னால் விவேரியத்தை மட்டும் வாங்குங்கள். மகனின் அறையில் வைத்து, ஹீட்டரைப் போட்டு, ஒரு மாதம் காலியாகவே ஓடவிடுங்கள். வெப்பம் நிலையாக நிற்கிறதா, பூட்டு போட்டிருக்கிறதா, பூனைகள் அறைக்குள் எத்தனை முறை வந்தன என்று தினமும் அவனே நோட்டில் எழுதட்டும். நீங்களும் சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைப் பாருங்கள். திறந்து கிடந்தால் அன்றிலிருந்து மறுபடியும் ஒரு மாதம்.