பெரியம்மாவுக்கு மரபணு மாற்றத்தால் புற்றுநோய் என்கிறார்கள். எங்களுக்கும் வருமா?

பெரியம்மாவுக்கு 63 வயதில் மார்பகப் புற்றுநோய், ரிப்போர்ட்டில் 'மரபணு மாற்றம்' என்று ஒரு வரி, வீட்டில் கல்யாணத்துக்கு இரண்டு பெண்பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். இதே பயத்தில் எங்கள் வீடும் ஒரு வருடம் தவித்தது. அதனால் எழுதுகிறேன்.

நான் டாக்டர் இல்லை. புதுச்சேரியில் ஒரு திசு ஆய்வகத்தில் 11 வருடமாக டெக்னீசியன். பயாப்சி சதையை மெழுகில் பதித்து, நான்கு மைக்ரான் கனத்துக்குச் சீவி, வெந்நீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்திச் சாயம் ஏற்றுவது என் வேலை. மூச்சு பட்டாலே மடிந்துபோகும் சீவல் அது. ஒழுங்காக அடுக்கியிருக்கும் நல்ல செல்களுக்குப் பக்கத்தில், கரு பெருத்து, கருநீலமாக, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் நெருக்கியடித்து நிற்கும் செல்களைப் பார்க்கும்போது இன்றும் எனக்கு மனசு கனக்கும். பண்ருட்டியில் இருக்கும் எங்கள் அத்தையின் ஸ்லைடும் அப்படித்தான் இருந்தது.

குழப்பம் அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. மரபணு என்பதற்குள் 'மரபு' இருப்பதால், கேட்டதுமே பரம்பரை நோய் என்று முடிவுகட்டிவிடுகிறோம். புற்றுநோய் எதுவானாலும் அதன் செல்களில் மரபணுக்கள் மாறித்தான் இருக்கும். ஆனால் பெற்றோரிடமிருந்து வந்த மாற்றத்தால் உண்டாவது நூற்றுக்கு 5 முதல் 10 தான். மற்றவை பெரும்பாலும் நாம் பிறந்த பிறகு, உடம்பின் ஏதோ ஒரு மூலையில், ஏதோ ஒரு செல்லில் ஏற்பட்டவை.

மரபணுக்கள் ஏ, டி, ஜி, சி என்ற நான்கே ரசாயன எழுத்துகளில் எழுதிய நூல் மாதிரி. ஏறக்குறைய ஒவ்வொரு செல்லிலும் அம்மா வழியாக 300 கோடி எழுத்து, அப்பா வழியாக 300 கோடி எழுத்து இருக்கிறது. செல் இரண்டாகும் ஒவ்வொரு முறையும் அத்தனையையும் படியெடுக்க வேண்டும். பிழை விழத்தான் செய்யும். பெரும்பாலானவற்றைச் செல்லே திருத்திவிடும். தங்கிவிடுவதிலும் பல எந்தக் கெடுதலும் செய்வதில்லை. ஆனால் 'அழி' என்பதில் ஓர் எழுத்து பிசகினால் 'அளி' ஆகிவிடுகிறதே, அதுபோலச் சில இடங்களில் ஒரே எழுத்து எல்லாவற்றையும் புரட்டிவிடும். டிபி53 என்ற மரபணு அப்படிப்பட்ட இடம். பழுதான செல்லைப் பெருகவிடாமல் நிறுத்துவதும், சரிசெய்ய முடியாதபோது அதைச் சாகவைப்பதும் அதன் பொறுப்பு. மனிதப் புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த மரபணு கெட்டுப்போயிருக்கிறது.

நம் பக்கத்து மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை வைத்தே இதைச் சொல்லலாம். எங்கள் ஆயா மல்லாட்டை உரிக்கும்போது சுருங்கிப்போய்ப் பச்சையாகப் பூசணம் பூத்த பருப்பைத் தூர எறிவார். தெரியாமல் வாயில் போட்டால் "கசக்குதா, துப்பிடு" என்பார். ஈரத்தோடு மூட்டை கட்டிய மல்லாட்டையில் வளரும் ஒரு வகைப் பூசணம் அஃப்லாடாக்சின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. கல்லீரலுக்குப் போனதும் அது மரபணுவின் 'ஜி' எழுத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். இந்த நஞ்சு உணவில் அதிகம் கலக்கும் சீனப் பகுதியிலும் ஆப்பிரிக்காவின் தென்பகுதியிலும் கல்லீரல் கட்டிகளை ஆராய்ந்து 1991இல் வெளியிட்டார்கள். பல கட்டிகளில் டிபி53இன் 249ஆவது சொல்லில் (மூன்று எழுத்து சேர்ந்தது ஒரு சொல்), அதே ஓர் இடத்தில், 'ஜி' போய் 'டி' வந்திருந்தது. மஞ்சள்காமாலை பி வைரஸும் கூட இருந்தால் ஆபத்து பன்மடங்கு. ஆனால் கவனியுங்கள், அந்த மாற்றம் கல்லீரல் செல்லில் உண்டானது. கருமுட்டையிலோ விந்தணுவிலோ இருப்பதுதான் பிள்ளைக்குப் போகும். கல்லீரலில் நடந்தது அந்த ஆளோடு முடிந்தது.

ஒரு பிழை மட்டும் போதாது. ஒரே செல்லின் வழிவழியில் பல பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர வேண்டும், அதற்குப் பல வருடங்கள் பிடிக்கும். வயதான காலத்தில் இந்த நோய் அதிகம் வருவதற்கு அது முக்கியக் காரணம். புகையிலையும் பாக்கும் அந்தக் காலத்தைச் சுருக்கிவிடுகின்றன.

அப்படியானால் பரம்பரை என்பது என்ன? ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி. மார்பகப் புற்று வராமல் காக்கும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 போன்ற மரபணுக்களில் ஒரு பிரதி பழுதாகவே பிறப்பவர்களுக்கு மற்றது கெட்டாலே பாதுகாப்பு போய்விடும். குழந்தைகளின் விழித்திரைப் புற்றுநோயை வைத்து 1971இல் நட்சன் என்ற அமெரிக்க மருத்துவர் இந்த இரட்டை அடிக் கணக்கைச் சொன்னார். பிறக்கும்போது வருவது நோய் இல்லை, ஒரு பழுதான பிரதி. 50 வயதுக்கு முன்பே வருவது, இரண்டு மார்பிலும் வருவது, சினைப்பைப் புற்று, ஆணுக்கு மார்பகப் புற்று, ஒரே வழி உறவில் பலருக்கு வருவது: இவை இருந்தால் சந்தேகப்பட வேண்டும்.

எங்கள் அத்தை மகளுக்கு வந்த வரன், ரிப்போர்ட்டின் அந்த ஒரு வரியால் நின்றுபோனது. பிறகு அத்தையின் ரத்தத்தைப் பரிசோதித்தோம். பெற்றோரிடமிருந்து வந்த மாற்றம் என்றால் ரத்தத்தின் செல்களிலும் இருக்கும். கட்டியில் இருந்த மாற்றம் ரத்தத்தில் இல்லை. அதை முதலிலேயே கேட்கத் தெரியாமல் போனதே என்று இன்றும் ஆதங்கம்தான்.

நீங்கள் டாக்டரிடம் இதைக் கேளுங்கள்: "இந்த மாற்றம் கட்டியில் பார்த்ததா, ரத்தத்தில் பார்த்ததா?" கட்டியில் மட்டும் பார்த்திருந்தால், ரத்தப் பரிசோதனை தேவையா என்று அவரே சொல்வார். அதையும் உங்களுக்கோ தங்கைக்கோ அல்ல, முதலில் பெரியம்மாவுக்குத்தான் செய்ய வேண்டும்.

இன்னொன்று. பெரியம்மா என்றால் அம்மாவின் அக்காவா, பெரியப்பாவின் மனைவியா என்று நீங்கள் எழுதவில்லை. பெரியப்பாவின் மனைவி என்றால், சொந்தத்தில் கட்டியிருந்தால் ஒழிய, உங்களுக்கு ரத்த சம்பந்தமே இல்லை. அம்மாவின் அக்கா என்றால், அவர் ரத்தத்தில் பிஆர்சிஏ பழுது இருந்தால், அடுத்து பார்க்க வேண்டியது உங்கள் அம்மாவுக்கு. அவருக்கு இருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அம்மாவுக்கு இல்லையென்றால், அவர் வழியாக அது உங்களுக்கு வந்திருக்க முடியாது.