நிறத்தைக் கொண்டு இளம் விண்மீன் கொத்துகளை அறிதல்: கேள்வி பதில்

கேள்வி: சொந்தமாகத் தொலைநோக்கி இல்லாத ஒருவர் இளம் விண்மீன் கொத்தொன்றை ஆராய முடியுமா?

பதில்: தாராளமாக முடியும். அரிசோனாவிலும் சிலியிலும் நிறுவப்பட்ட இரு 1.3 மீட்டர் தொலைநோக்கிகளைக் கொண்டு 1997 முதல் 2001 வரை வானம் முழுவதையும் அளந்த டூமாஸ் கணக்கெடுப்பு, ஜே, எச், கே என்னும் மூன்று அகச்சிவப்புப் பட்டைகளில் ஏறத்தாழ 47 கோடி ஒளிப்புள்ளிகளின் பொலிவெண்களை, அதாவது அவை எவ்வளவு ஒளிர்கின்றன என்பதைக் குறிக்கும் எண்களைத் தந்திருக்கிறது. அந்தப் பட்டியலை எவரும் கட்டணமின்றித் தரவிறக்கிக்கொள்ளலாம்.

கேள்வி: அகச்சிவப்பை ஏன் நாட வேண்டும்?

பதில்: மிக இளம் கொத்துகள் தாம் பிறந்த தூசு மேகத்துக்குள்ளேயே இருப்பவை. கட்புல ஒளியில் 10 பொலிவெண், அதாவது பத்தாயிரம் மடங்கு மங்கிப்போகும் விண்மீன், கே பட்டையில் சுமார் 1 பொலிவெண், அதாவது இரண்டரை மடங்குதான் மங்குகிறது.

கேள்வி: சிவப்பாகத் தெரிந்த விண்மீன்களை எல்லாம் இளையவை எனக் குறித்துக்கொண்டேன். அது சரியா?

பதில்: சரியன்று. பலரும் தவறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். ஒரு விண்மீன் சிவந்து தெரிய அதன் மேற்பரப்பு குளிர்ந்திருப்பதும், இடையில் தூசு இருப்பதும், அதைச் சுற்றிக் கோள்கள் உருவாகும் வட்டத்தட்டு இருப்பதும் தனித்தனிக் காரணங்கள். கிடையச்சில் எச் கழித்தல் கே, நிலையச்சில் ஜே கழித்தல் எச் என்னும் பொலிவெண் வேறுபாடுகளை, அதாவது நிறங்களை வைத்து வரைபடம் இட்டால், இடைப்பட்ட தூசு விண்மீனை ஒரே சாய்வுள்ள கோட்டின் வழியே நகர்த்துவதையும், வெப்பமான உட்தட்டு கே பட்டையில் கூடுதல் ஒளியைச் சேர்ப்பதால் விண்மீன் அந்தக் கோட்டுக்கு வலப்புறம் விலகுவதையும் காணலாம். அந்த விலகலே இளமைக்கான சான்று. ஆனால் விலகாதது முதியது என்றும் முடிவுகட்டக் கூடாது. தட்டுகள் சில மில்லியன் ஆண்டுகளிலேயே கலைந்துவிடுகின்றன. ஓரளவு குளிர்ந்த தட்டுகளைப் பிடிக்க, வானை அகச்சிவப்பில் அளந்த வைஸ் விண்கலத்தின் 3.4, 4.6 மைக்ரான் அளவீடுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வாறு சேர்க்கையில் தொலைவிலுள்ள விண்மீன் மண்டலங்களும் இளம் விண்மீன்களைப் போலவே சிவந்து பட்டியலில் நுழையும் என்பதை மறக்க வேண்டாம்.

கேள்வி: முன்னும் பின்னும் உள்ள, தொடர்பில்லாத விண்மீன்களை எப்படி நீக்குவது?

பதில்: விண்மீன்களின் இருப்பிடத்தைத் துல்லியமாக அளந்த கையா விண்கலத்தின் தரவில், தொலைவைக் காட்டும் இடமாறு கோணமும் வானில் நகரும் வேகமும் கொத்துக்குப் பொதுவாக அமையும் விண்மீன்களையே வைத்துக்கொள்ளுங்கள். கையா கட்புல ஒளியில் பார்த்ததால் தூசில் புதைந்தவை அதற்கு எட்டவில்லை. அவற்றுக்கு, அருகிலுள்ள வெற்று வானப்பகுதி ஒன்றை எடுத்து, அதே பொலிவிலும் நிறத்திலும் அங்கே எத்தனை விண்மீன்கள் உள்ளன எனக் கணக்கிட்டுக் கழிக்க வேண்டும். என் கருத்தில், இந்த வேலை முடியாமல் வயதைக் கணக்கிடத் தொடங்குவது வீண்.

கேள்வி: ஒரே கொத்தில் சில விண்மீன்கள் மற்றவற்றைவிட இளையவையாக வருகின்றனவே?

பதில்: நிறத்தையும் பொலிவையும் வைத்து வரையும் படத்தில், சுருங்கி முடிந்து நிலைபெற்ற விண்மீன்கள் அமையும் பட்டை முதன்மை வரிசை எனப்படும். இன்னும் சுருங்கிக்கொண்டிருக்கும் விண்மீன்கள் அதற்கு மேலே, கூடுதல் பொலிவோடு நிற்பதால், அந்த உயரத்தை வைத்தே வயதை மதிப்பிடுகிறோம். பிரித்துப் பார்க்க முடியாத சம இரட்டை விண்மீன் 0.75 பொலிவெண் கூடுதலாக ஒளிர்ந்து, உள்ளதைவிட இளையதாகத் தோன்றும். பொலிவு மாறுதலும், விண்மீனுக்கு விண்மீன் வேறுபடும் தூசும் இந்தச் சிதறலைப் பெருக்கும்.

கேள்வி: கொத்தின் நடுவில் விண்மீன்கள் குறைவாகவே கிடைக்கின்றன. ஏன்?

பதில்: டூமாஸ் கருவியின் ஒரு படப்புள்ளி 2 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3600-இல் ஒரு பங்கு) அகலம் உடையது என்பதால் நெருங்கிய விண்மீன்கள் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. 3.8 மீட்டர் தொலைநோக்கியால் எடுக்கப்பட்ட யூகிட்ஸ் என்னும் அகச்சிவப்புக் கணக்கெடுப்பின் தரவில் அந்தப் பகுதி இருந்தால், நடுப்பகுதிக்கு அதையே பயன்படுத்துங்கள்.