ஒரே தெரு, இரண்டு பள்ளிக்கூடம்

அமெரிக்க அரசு உயர்நிலைப் பள்ளிகளின் எல்லைக் கோடுகள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் பதில்களும்.

டெக்ஸாஸில் வீடு பார்க்கிறோம். விலாசத்தில் ஃபிரிஸ்கோ என்றுதான் இருக்கிறது. ஏஜென்ட்டோ, "இது ஃபிரிஸ்கோ ஐ.எஸ்.டி. (பள்ளி மாவட்டம்) இல்லை" என்கிறார். ஊர் ஒன்று, பள்ளி மாவட்டம் வேறாக இருக்குமா?
– ஒரு வாசகி, டாலஸ் பகுதி

இருக்கும். விலாசத்தில் உள்ள ஊர்ப்பெயர் தபால்காரருக்காக. பள்ளிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஃபிரிஸ்கோ நகர எல்லைக்குள்ளேயே ஃபிரிஸ்கோ, லூயிஸ்வில், பிராஸ்பர், லிட்டில் எல்ம் என நான்கு பள்ளி மாவட்டங்கள் வருகின்றன.

இரண்டு வகைக் கோடுகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று மாவட்ட எல்லை. உங்கள் சொத்து வரி எந்தப் பள்ளி நிர்வாகத்துக்குப் போகிறது என்பதை அது தீர்மானிக்கிறது, லேசில் நகராது. மற்றது, மாவட்டத்துக்குள் எந்த வீட்டுப் பிள்ளை எந்தப் பள்ளிக்கு என்று பிரிக்கும் சேர்க்கை எல்லை. புதுப் பள்ளி ஒன்று திறந்தால் போதும், இது நகர்ந்துவிடும்.

முதலில் கவுன்ட்டியின் சொத்து மதிப்பீட்டு அலுவலக இணையதளத்தில் அந்த வீட்டின் பதிவைத் திறங்கள். வரி வாங்கும் அமைப்புகளின் பட்டியலில் பள்ளி மாவட்டத்தின் பெயர் இருக்கும். பிறகு அந்த மாவட்டத்தின் தளத்தில் வீட்டு எண்ணோடு தேடுங்கள். தெருப்பெயர் மட்டும் போதாது, ஏனென்றால் கோடு பல இடங்களில் தெரு நடுவிலேயே ஓடும். ஒற்றைப்படை எண் ஒரு பள்ளி, இரட்டைப்படை எண் வேறு பள்ளி. கடைசியாகச் சேர்க்கை அலுவலகத்துக்குப் போன் போட்டு இரண்டு கேள்வி கேளுங்கள்: எல்லை மாற்றம் பேச்சில் இருக்கிறதா? அந்தப் பள்ளி நிரம்பிவிட்டதால் புதிதாக வருகிறவர்களை வேறு பள்ளிக்கு அனுப்புகிறீர்களா? வீடு விற்கும் தளங்களில் காட்டும் பள்ளிப் பெயரை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். "நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்" என்று அந்தத் தளங்களே பொடி எழுத்தில் போட்டிருக்கும்.

எங்கள் கவுன்ட்டி முழுவதும் ஒரே பள்ளி மாவட்டம். வரியும் ஒன்று, நிர்வாகமும் ஒன்று. பிறகு ஏன் ஐந்து மைல் இடைவெளியில் உள்ள இரண்டு உயர்நிலைப் பள்ளிகளுக்குள் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம்?
– ஒரு வாசகர், மேரிலாந்து

மேரிலாந்தில் மொத்தமே 24 மாவட்டங்கள்தான்: 23 கவுன்ட்டிகளும் பால்டிமோர் நகரமும். நியூ ஜெர்சி போல ஊருக்கு ஊர் தனி வரிப்பெட்டி இல்லை. ஆனாலும் ஏற்றத்தாழ்வு உள்ளே நுழைய வேறு வாசல்கள் இருக்கின்றன.

முதல் வாசல் சம்பளம். பெரும்பாலான மாவட்டங்கள் பள்ளிக்குப் பணமாகக் கொடுப்பதில்லை, ஆசிரியர் பணியிடங்களாகக் கொடுக்கின்றன. இரண்டு பள்ளிக்கும் தலா 80 பணியிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் அனுபவசாலிகள், சராசரி சம்பளம் 95,000 டாலர். மற்றதில் புதியவர்கள், சராசரி 75,000. பட்ஜெட் தாளில் இரண்டும் சமம். நிஜத்தில் ஆண்டுக்கு 16 லட்சம் டாலர் வித்தியாசம். மூத்த ஆசிரியர்கள் வசதியான பள்ளிக்கு மாற்றல் வாங்கிப் போக, காலியான இடத்துக்குப் புதிதாகப் படித்து முடித்தவர்கள் வருகிறார்கள். இரண்டு மூன்று வருடத்தில் அவர்களும் கிளம்பிவிடுகிறார்கள். 2015-ஆம் ஆண்டின் மத்தியக் கல்விச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளியும் மாணவர் ஒருவருக்குச் செலவிடும் தொகையை வெளியிட்டாக வேண்டும். மாநிலத்தின் ரிப்போர்ட் கார்டு பக்கத்தில் கிடைக்கும். அதையும் மேலோட்டமாகப் பார்த்து முடிவு கட்டக் கூடாது. சிறப்புக் கல்வி, ஆங்கிலம் கற்கும் மாணவர்களுக்கான மத்திய, மாநில நிதி சேரும்போது ஏழைப் பள்ளியின் தொகை சில சமயம் கூடுதலாகவே தெரியும்.

இரண்டாவது வாசலைப் பெற்றோர் கவனிப்பதே இல்லை: மாஸ்டர் ஷெட்யூல், அதாவது எந்தப் பாடம் எந்தப் பீரியடில் எத்தனை வகுப்பு என்ற பட்டியல். ஒரு வகுப்பைத் திறக்க இருபது பேராவது வேண்டும் என்று முதல்வர் நினைக்கிறார். ஏ.பி. (கல்லூரித் தரப் பாடம்) வகையைச் சேர்ந்த ஃபிசிக்ஸ் சி பாடத்துக்கு ஒன்பது பேர்தான் பெயர் கொடுக்கிறார்கள். வகுப்பு ரத்து. அடுத்த வருடம் ஐந்து பேர்கூடக் கேட்கமாட்டார்கள், ஆசிரியரும் வேறு பள்ளி பார்த்துக்கொள்வார். தப்பித்தவறித் திறந்தாலும் ஒரே வகுப்புதான். அது நான்காம் பீரியடில் விழும், கால்குலஸ் பி.சி.யும் ஒரே வகுப்பு, அதுவும் நான்காம் பீரியடிலேயே விழும். பிள்ளை இரண்டில் ஒன்றைக் கைவிட வேண்டியதுதான். பக்கத்துப் பள்ளியில் இரண்டுக்கும் மூன்று மூன்று வகுப்பு இருப்பதால் இந்தச் சிக்கலே எழாது. பள்ளியின் பாடப் பட்டியல் புத்தகத்தில் இரண்டு பள்ளியும் 25 ஏ.பி. பாடங்கள் காட்டும். அதைப் பார்க்காதீர்கள், "இந்த வருடம் நிஜமாக எத்தனை வகுப்பு நடக்கிறது?" என்று கேளுங்கள்.

இதன் வேர் நடுநிலைப் பள்ளியில் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் அல்ஜீப்ரா 1 முடித்தால்தான் ஜியாமெட்ரி, அல்ஜீப்ரா 2, பிரீ-கால்குலஸ் என்று ஏறி, பன்னிரண்டில் வழக்கமான வரிசையிலேயே கால்குலஸ் எட்ட முடியும். எட்டாம் வகுப்பில் ஒரே ஒரு அல்ஜீப்ரா வகுப்பு நடக்கும் நடுநிலைப் பள்ளிகளிலிருந்து பிள்ளைகள் வந்தால், உயர்நிலைப் பள்ளி என்ன செய்தும் கால்குலஸ் நிரம்பாது. பெற்றோர் சங்கமும், விளையாட்டு, இசைக் குழுக்களை ஆதரிக்கும் பூஸ்டர் கிளப்பும் திரட்டும் நன்கொடை இதற்கெல்லாம் மேலே ஊற்றும் நெய்.

அரசுப் பள்ளிகளுக்குள் இப்படிப் பாகுபாடு இருந்தால் அமெரிக்க நீதிமன்றம் கேட்காதா?
– ஒரு வாசகர், மதுரை

கேட்டது, எல்லைக் கோட்டையும் அதுவே உறுதியாக்கியது. டெக்ஸாஸின் சான் அன்டோனியோ நகரில் எட்ஜ்வுட், அலமோ ஹைட்ஸ் என்று இரண்டு பள்ளி மாவட்டங்கள். 1967-68 கணக்குப்படி எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1.05 டாலர் வரி கட்டினார்கள். அலமோ ஹைட்ஸில் 85 சென்ட்தான். அதிக விகிதத்தில் கட்டியும், எட்ஜ்வுட்டில் மாணவர் ஒருவருக்குத் திரண்ட உள்ளூர்ப் பணம் 26 டாலர். அலமோ ஹைட்ஸில் 333. மாணவர் ஒருவருக்கான சொத்து மதிப்பு அலமோ ஹைட்ஸில் 49,000 டாலருக்கு மேல், எட்ஜ்வுட்டில் 5,960 என்பதுதான் காரணம். மாநில, மத்திய நிதி சேர்ந்த பிறகும் 356-க்கு 594.

எட்ஜ்வுட் பெற்றோர் போட்ட வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1973-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தோற்றார்கள். மத்திய அரசியல் சாசனப்படி கல்வி அடிப்படை உரிமை அல்ல என்றது தீர்ப்பு. அடுத்த வருடமே டெட்ராய்ட் வழக்கில், மீண்டும் ஐந்துக்கு நான்கில் இன்னொரு தீர்ப்பு: புறநகர் மாவட்டங்கள் தவறு செய்ததாக நிரூபிக்காமல், மாவட்ட எல்லையைத் தாண்டி கறுப்பின, வெள்ளையின மாணவர்களைக் கலக்கச் சொல்லி உத்தரவிட முடியாது. அதன் பிறகு போராட்டம் மாநில நீதிமன்றங்களுக்கு மாறியது. டெக்ஸாஸில் 1989-இல் மாநில உச்ச நீதிமன்றம் இந்த நிதி முறையை ரத்து செய்தது. பணக்கார மாவட்டங்களின் வரியில் ஒரு பகுதியை எடுத்துப் பகிரும் முறை 1993-இல் வந்தது.

ஒரு பள்ளிக்குத் தர மதிப்பெண் 10-க்கு 9, பக்கத்துப் பள்ளிக்கு 5. கோட்டுக்கு அந்தப் பக்கம் வீட்டு விலை கூடுதல். கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, கலிஃபோர்னியா

அந்த எண்ணை மட்டும் நம்பிக் கொடுக்க வேண்டாம். கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது நிஜம். பொருளாதார அறிஞர் சாண்ட்ரா பிளாக் பாஸ்டன் புறநகர்களில் எல்லைக் கோட்டின் இரு பக்க வீடுகளையும் ஒப்பிட்டு, தொடக்கப் பள்ளி மதிப்பெண் 5 சதவீதம் கூடினால் வீட்டு விலை சுமார் 2.5 சதவீதம் கூடுகிறது என்று 1999-இலேயே காட்டினார்.

சராசரி மதிப்பெண் பெரும்பாலும் பெற்றோரின் வருமானத்தைத்தான் காட்டும். பிள்ளைகள் வருடத்துக்கு வருடம் எவ்வளவு முன்னேறுகிறார்கள் என்ற வளர்ச்சி அளவு வருமானத்தோடு அவ்வளவு ஒட்டுவதில்லை. உங்கள் குடும்பத்தை ஒத்த மாணவர் பிரிவின் முடிவுகளையும் தனியாகப் பாருங்கள். சில சமயம் 9-க்கும் 5-க்கும் இடையே உள்ள பள்ளம் அங்கே சுருங்கிவிடும்.

இன்னொன்று: ஒவ்வொரு பள்ளியிலும் முதல் 9 சதவீதத்தில் வரும் தகுதியான மாணவருக்குக் கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகங்களில் இடம் காலியிருக்கும் ஏதோ ஒன்றில் சேர்க்கை உண்டு, விரும்பிய வளாகம் என்ற உத்தரவாதம் இல்லை. 9 மார்க் பள்ளியில் அந்த 9 சதவீதத்துக்குள் நுழைவது எவ்வளவு நெருக்கடி என்பதையும் விலையோடு சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

தம்பி வீட்டு விலாசத்தைக் கொடுத்து மகளை நல்ல பள்ளியில் சேர்த்தால் என்ன?
– பெயர் வேண்டாம்

வேண்டாம். 2011-இல் ஓஹாயோ மாநிலத்தில், தன் தந்தையின் விலாசத்தைக் காட்டிப் பிள்ளைகளைச் சேர்த்த ஒரு தாய் ஒன்பது நாள் சிறையில் இருந்தார். காரைப் பின்தொடர ஆள் வைக்கும் மாவட்டங்களும் உண்டு. மாவட்டத்துக்குள் இடமாற்றம் கேட்க விண்ணப்பக் காலம் இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். விளையாட்டில் இருக்கும் பிள்ளை என்றால், பள்ளி மாறியதும் ஒரு வருடம் முதல் அணியில் ஆட முடியாமல் போகலாம், முன்பே விசாரியுங்கள். வீட்டை இழந்தோ பண நெருக்கடியாலோ நிஜமாகவே தம்பி வீட்டில் தங்கியிருந்தால் கதை வேறு. வீடில்லாத மாணவர்களுக்கான மெக்கின்னி-வென்டோ என்ற மத்தியச் சட்டப்படி காகிதங்கள் இல்லாமலே உடனே சேர்க்கை உண்டு.

எங்கள் மாவட்டம் எல்லை மாற்றம் அறிவித்திருக்கிறது. கூட்டத்தில் என்ன பேசுவது?
– ஒரு வாசகர், வர்ஜீனியா

வீட்டு விலை குறையும் என்று மட்டும் பேசாதீர்கள், அந்த நொடியே காது மூடிக்கொள்ளும். மாவட்டம் ஊரைச் சிறு திட்டத் துண்டுகளாக வெட்டி எண் கொடுத்திருக்கும். உங்கள் துண்டின் எண்ணையும் மாணவர் எண்ணிக்கையையும் முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு கொள்ளளவு. 1,600 இருக்கைக்கு 1,920 பேர் என்றால் 120 சதவீதம். ஆனால் அந்த 1,600-இல் தற்காலிக டிரெய்லர் வகுப்பறைகளும் சேர்ந்திருக்கின்றனவா என்று கேளுங்கள். ஒரு நடுநிலைப் பள்ளியிலிருந்து பத்து சதவீதப் பிள்ளைகளை மட்டும் வேறு உயர்நிலைப் பள்ளிக்குப் பிரித்து அனுப்பும் வரைபடம் மோசமானது, அதைச் சுட்டிக்காட்டுங்கள். பதினொன்று, பன்னிரண்டு போகிறவர்கள் பழைய பள்ளியிலேயே தொடரலாம் என்றால், பஸ் உண்டா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள்.

ஏழை, வசதியான வீட்டுப் பிள்ளைகள் ஒரே பள்ளியில் கலந்திருக்கிறார்களா என்பதை மாவட்டம் பார்க்கலாமா என்றால், பார்க்கலாம். சியாட்டில் பள்ளிகள் வழக்கில் 2007-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு தடுத்தது தனி மாணவரின் இனத்தை வைத்து இடம் ஒதுக்குவதைத்தான். 2019-இல் மேரிலாந்தின் ஹவர்ட் கவுன்ட்டி நெரிசலோடு ஏழ்மையின் பரவலையும் பார்த்து ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களை மாற்றியபோது எதிர்ப்பு பலமாகவே இருந்தது, ஆனாலும் மாற்றம் நிறைவேறியது.

பேச இரண்டு மூன்று நிமிடம்தான் கிடைக்கும். துண்டு எண்களோடு மாற்று வரைபடம் ஒரு பக்கத்தில் கொண்டுபோங்கள். பொதுக் கூட்டத்தோடு வீட்டுக்குப் போய்விடாமல், வாக்கெடுப்புக்கு முன் பள்ளி வாரியத்தினர் வரைபடத்தை அலசும் பணி அமர்வுகளிலும் உட்காருங்கள். துண்டுகள் கடைசி நேரத்தில் இடம் மாறுவது பெரும்பாலும் அங்கேதான்.