சுவிஸில் சொந்தத் தொழில் தொடங்கும்போது ஓய்வூதியப் பணத்தை எடுக்கலாமா?

தம்பி, சமையலறை வேலையை விட்டுத் துப்புரவுத் தொழில் தொடங்கப்போவதாகவும், பென்ஷன் காசாவில் (வேலையிட ஓய்வூதிய நிதியில்) சேர்ந்த பணம் முழுவதையும் அதில் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். சட்டம் இடம் தருகிறது. ஆனாலும் முழுவதையும் தொழிலில் போடாதீர்கள் என்றே சொல்வேன்.

பணத்தை எடுக்க, சொந்தத் தொழிலே உங்கள் பிரதான தொழில் என்று ஆ.ஹா.ஃபௌ (AHV, அரசின் முதியோர் காப்புறுதி) அலுவலகம் உறுதிப்படுத்த வேண்டும். தொழில் தொடங்கி ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கே.எம்.பே.ஹா. (GmbH, வரையறுத்த பொறுப்புள்ள) கம்பெனியாகப் பதிந்தால் நீங்கள் அந்தக் கம்பெனியின் ஊழியர். அப்போது எடுக்க முடியாது. மணமானவர் என்றால் மனைவியின் எழுத்து மூலமான சம்மதமும் தேவை. அதை வெறும் கையெழுத்தாக எண்ண வேண்டாம். அவருடைய முதுமைக்கும் உரிய பணம் அது.

பலரும் கவனிக்காத ஒன்று இருக்கிறது. பென்ஷன் காசா சேமிப்பு மட்டுமல்ல. நீங்கள் வேலை செய்ய முடியாமல் போனாலோ இறந்துவிட்டாலோ குடும்பத்தைத் தாங்குவதும் அதுதான். வேலையை விட்டு ஒரு மாதத்தில் அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடும். முதலாளி கட்டிய விபத்துக் காப்புறுதியோ சம்பளம் நின்று 31 நாட்களில் முடியும். ஏணியில் ஏறிக் கண்ணாடி துடைக்கப்போகிறீர்கள்! இயந்திரமும் வாகனமும் வாங்குவதற்கு முன் இந்த இரண்டு காப்புறுதிகளையும் சொந்தமாக எடுத்துவிடுங்கள். சொந்தத் தொழில் செய்பவருக்கு வேலையிழப்புக் காப்புறுதி கிடையவே கிடையாது.

என் யோசனை இது. வேலையை விடும்போதே பணத்தை இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் ஃப்ரைசூகிக்கைட் கணக்குகளுக்கு (வேலையை விட்டவரின் ஓய்வூதியப் பணத்தை வைத்திருக்கும் கணக்குகள்) பிரித்து அனுப்பச் சொல்லுங்கள். பிறகு பிரிக்க முடியாது. ஒன்றைத் தொழிலுக்கு எடுங்கள். மற்றதில் கை வைக்க வேண்டாம். எடுக்கும் தொகைக்கு மற்ற வருமானத்திலிருந்து தனியாக, குறைந்த வீதத்தில் வரி உண்டு. அதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்றாம் தூணில், அதாவது நீங்களே சேர்க்கும் தனிப்பட்ட ஓய்வூதியச் சேமிப்பில், உங்களுக்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. 2025இல் பென்ஷன் காசாவில் உள்ள ஊழியர் 7,258 பிராங்க் வரைதான் போடலாம். பென்ஷன் காசா இல்லாத சுயதொழிலாளர் நிகர வருமானத்தில் 20 சதவீதம், அதிகபட்சம் 36,288 பிராங்க் வரை போட்டு வரியில் கழிக்கலாம். முதல் ஆண்டில் சிறு தொகையென்றாலும் போடுங்கள்.

ஆ.ஹா.ஃபௌ முதலிய கட்டணங்களை இனி முழுவதும் நீங்களே கட்ட வேண்டும். வருமானத்தில் 10 சதவீதம் வரை வரும். நீங்கள் சொல்லும் உத்தேச வருமானத்தை வைத்தே முதலில் பில் அனுப்புவார்கள். குறைத்துச் சொன்னால் பின்னர் பெரிய தொகையாக வந்து நிற்கும். வருமானம் கூடினால் அந்த ஆண்டிலேயே அலுவலகத்துக்கு அறிவித்து முன்பணத்தை உயர்த்திக்கொள்ளுங்கள்.