அருவி, பாசி, டார்ட் தவளை: வட சென்னை வாசகர்களின் கேள்விகள்

கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு சின்னக் காடு, அதில் அருவி, அருவிக்குப் பக்கத்தில் நீலமும் மஞ்சளுமாக டார்ட் தவளை, அதாவது விஷ அம்புத் தவளை. இந்த ஆசையோடு வந்த கேள்விகளைச் சேர்த்து இந்த முறை பதில் எழுதுகிறேன். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று சொல்லிவிடுகிறேன்: தொட்டியை முதலில் கட்டுங்கள். செடியோடும் தண்ணீரோடும் ஒரு கோடை அது ஓடட்டும். தவளையைப் பற்றி அதற்கப்புறம் யோசிக்கலாம்.

கொளத்தூரிலிருந்து ஒரு வாசகர்: இரண்டடித் தொட்டியில் கல் அடுக்கி அருவி வைத்தேன் சார். சில நாளிலேயே மண் முழுக்கச் சேறாகிவிட்டது. மோட்டார் பக்கம் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது. ஆனால் தொட்டியில் லீக் இல்லை. என்ன தப்பு?

தண்ணீர் வெளியே போகவில்லை, மண்ணுக்குள் போகிறது. அருவி ஓடும் கல்லின் விளிம்பை மண்ணோ பாசியோ தேங்காய் நாரோ தொட்டுக்கொண்டிருந்தால் போதும், விளக்குத் திரி எண்ணெய் இழுப்பதுபோல அது தண்ணீரை இழுத்துக்கொண்டே இருக்கும். மண் ஊறி, வேர் அழுகி, கொஞ்ச நாளில் முட்டை அழுகின வாடை வரும். அருவித் தொட்டிகள் பெரும்பாலும் கெட்டுப்போவது இந்த ஒரு காரணத்தால்தான்.

பிரித்துத் திரும்பக் கட்டுவதுதான் வழி. அடியில் மண்ணைக் கொட்டாதீர்கள். ஃபால்ஸ் சீலிங் விளக்குக்குப் போடும் வெள்ளை பிளாஸ்டிக் கட்டக் கிரிட்டைத் தொட்டி அளவுக்கு வெட்டி, பிவிசி பைப் துண்டுகளைக் கால்களாகக் கொடுத்து, மூன்று நான்கு அங்குல உயரத்தில் ஒரு மேடை போடுங்கள். மேலே நைலான் கொசுவலை, அதற்கு மேல் மண். மேடைக்குக் கீழே இருப்பதுதான் உங்கள் தண்ணீர்த் தொட்டி. அங்கே தண்ணீர் எப்போதும் வலையைவிட ஒரு அங்குலமாவது கீழேயே நிற்க வேண்டும்.

அடுத்து அருவியின் ஓடை. இரண்டு பக்கமும் அரை அங்குல உயரத்துக்கு சிலிக்கானால் வரப்பு கட்டி, ஈரமாக இருக்கும்போதே அதன்மேல் மணலை அழுத்திவிடுங்கள். காய்ந்ததும் கல் மாதிரியே தெரியும். வாங்கும்போது பூஞ்சாணத் தடுப்பு மருந்து சேர்த்த பாத்ரூம் சிலிக்கானைத் தவிர்த்து, மீன் தொட்டிக்கானதையே கேட்டு வாங்குங்கள். அந்த வரப்புக்கு வெளியேதான் மண் தொடங்க வேண்டும். பாசி வளர்ந்து வரப்பைத் தாண்டினால் கத்தரிக்கோலால் வெட்டிவிட வேண்டும். இது மாதா மாதம் செய்கிற வேலை.

மோட்டார் விஷயத்தில் பலர் ஏமாறுகிறார்கள். அட்டையில் மணிக்கு 300 லிட்டர் என்றும் அதிகபட்ச உயரம் 60 செ.மீ. என்றும் போட்டிருந்தால், 60 செ.மீ.க்கு மேலே ஏற்றும்போது வரத்து ஏறக்குறைய பூஜ்யம் என்று அர்த்தம். உங்கள் அருவியின் உயரத்தைப்போல இரண்டு மடங்கு ஏற்றக்கூடிய மோட்டாராக வாங்கி, வால்வு வைத்துக் குறைத்துக்கொள்ளுங்கள். அதை மண்ணுக்கடியில் புதைக்கவே கூடாது. மூலையில் நான்கு அங்குல பிவிசி பைப்பை நிறுத்தி, கீழ்ப்பகுதியில் துளை போட்டு, அதற்குள் மோட்டாரை இறக்குங்கள். அடைத்துக்கொண்டால் மேலிருந்தே கையை விட்டு எடுத்துவிடலாம்.

செடி வைக்கும் முன் ஒரு வாரம் வெறும் கல்லிலேயே அருவி ஓடட்டும். மண் வரப்போகும் இடத்தில் செய்தித்தாளைப் போட்டு வையுங்கள். காலையில் எந்த இடத்தில் தாள் நனைந்திருக்கிறதோ, அங்கே வரப்பில் ஓட்டை இருக்கிறது.

ராயபுரத்திலிருந்து: வீட்டில் ஏசி இல்லை. ஆனால் கடல் காற்று நன்றாக வரும், அருவியும் ஓடுகிறது. தொட்டி தானாகவே குளிர்ந்துவிடாதா?

குளிராது. தண்ணீர் ஆவியானால்தான் சூடு இறங்கும். கடலோரக் காற்று ஏற்கெனவே ஈரத்தோடு இருக்கிறது, தொட்டிக்கு மூடியும் போட்டிருக்கிறீர்கள். அதிகம் ஆவியாக வழி இல்லை. அதோடு தண்ணீருக்குள் கிடக்கும் மோட்டார் இழுக்கும் மின்சாரம் அத்தனையும் கடைசியில் சூடாக மாறி அந்தத் தொட்டியிலேயே தங்கும். விளக்கின் சூடு தனி.

டார்ட் தவளைகள் மத்திய, தென் அமெரிக்க மழைக்காட்டின் தரையில், இலைச்சருகு நிழலில் வாழ்பவை. 22 முதல் 26 டிகிரி வரை அவற்றுக்குச் சுகம். 30 டிகிரிக்கு மேல் தொடர்ந்து இருந்தால் உயிருக்கே ஆபத்து. நம் ஊரில் மே மாதத்து நள்ளிரவில்கூட வீட்டுக்குள் 30 டிகிரி இருக்கும். ஆகவே இரவும் பகலும் ஏசி ஓடும் அறை இல்லையென்றால் டார்ட் தவளை வேண்டாம். இதில் நான் விட்டுக்கொடுத்துப் பேச மாட்டேன், ஏனென்றால் வெந்து சாவது அந்த உயிர்தான். ஏசி இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: ஏசி ஈரத்தை உறிஞ்சிவிடும். மேல் மூடியில் முக்கால் பாகம் கண்ணாடியாக இருக்கட்டும், மீதி மெல்லிய வலையாக இருக்கட்டும். காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள். விளக்கு மூடிக்கு வெளியே, ஓரங்குலம் தள்ளி இருக்கட்டும்.

செடி மட்டும் உள்ள தொட்டி என்றால் உங்கள் வீட்டுக்குத் தாராளமாகச் சரிப்படும். தரையோரமாக, வெயில் படாத சுவர்ப் பக்கம் வையுங்கள்.

திருவொற்றியூரிலிருந்து: எங்களுக்கு போர் தண்ணீர்தான். கொஞ்சம் உப்புக் கரிக்கும். அருவிக்கு ஊற்றலாமா?

வேண்டாம். நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் மீஞ்சூர் வட்டாரத்தில் கடல்நீர் நிலத்துக்குள் ஏறியது பழைய கதை. கடலோரத்து போர்களில் உப்பு வருவது சகஜம். தொட்டியில் தண்ணீர் மட்டும் ஆவியாகும், உப்பு அப்படியே தங்கும். நாள்பட நாள்படக் கரிப்பு கூடி, பாசியின் நுனி முதலில் பழுப்பாகும். தவளை தண்ணீரை வாயால் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சுகிறது. நம் நாக்குக்குப் பழகிப்போன உப்பு அதன் உடம்புக்கு ஆகாது.

வீட்டு ஆர்.ஓ. தண்ணீர் நல்லது. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் 50-க்குக் கீழே காட்டினால் தெளிக்கவும் ஏற்றது, கண்ணாடியில் வெள்ளைக் கறை விழாது. ஆர்.ஓ. வெளியே தள்ளும் கழிவுநீரில் உப்பு இன்னும் அதிகம், அதைத் தொடாதீர்கள். மெட்ரோ வாட்டர் என்றால் அகலமான பாத்திரத்தில் ஒரு நாள் திறந்து வைத்து, குளோரின் போக்கும் சொட்டு மருந்தும் விடுங்கள். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். அது செப்புக் குழாயையும் அலுமினியத் தகட்டையும் தொட்டு வருகிறது. செம்பு தவளைக்கு நஞ்சு. மழைநீர் அருமையானது, ஆனால் எண்ணூர், மணலிப் பக்கம் மாடியில் படியும் சாம்பலும் கரித்தூசியும் கழுவிப்போகும்வரை முதல் மழைகளை விட்டுவிடுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து ஒரு தாய்: பையன் இந்தத் தவளை வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். பேரைக் கேட்டாலே பயமாக இருக்கிறது. தொட்டால் ஆபத்தா?

வளர்ப்பில் பிறந்தவற்றில் அந்த விஷம் இருக்காது, அம்மா. காட்டில் அவை தின்னும் எறும்பு, நுண்பேன்களிலிருந்துதான் நஞ்சு தோலில் சேர்கிறது. பழ ஈ தின்று வளரும் தவளைக்கு அதற்கு வழியில்லை. கொலம்பியாவின் எம்பெரா பழங்குடியினர் ஊதுகுழல் அம்புக்கு நஞ்சு எடுத்த தங்க நிறத் தவளை வேறு சங்கதி; அதிலும் காட்டில் வாழ்வதற்குத்தான் அந்தப் பயங்கரம்.

ஆனாலும் கையில் எடுக்கக் கூடாது. நம் கையிலுள்ள உப்பு, சோப்பு, வியர்வை எல்லாம் அதன் தோலில் இறங்கிவிடும். இது தூக்கிக் கொஞ்சும் பிராணி இல்லை, பார்த்து ரசிப்பது. அதை உங்கள் பையனிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

பெரம்பூரிலிருந்து: தெரிந்தவர் ஒருவர் ஒரு ஜோடி தருவதாகச் சொல்கிறார். ரசீது, காகிதம் எதுவும் கிடையாதாம். வாங்கலாமா?

வாங்காதீர்கள். டார்ட் தவளைகள் 1987 முதல், அழியும் நிலையிலுள்ள உயிர்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற சர்வதேச ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் இருக்கின்றன. 2022-இல் திருத்தப்பட்ட நம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலில் இருக்கிறது. சைட்டீஸ் பட்டியல் உயிர்கள் அதன் நான்காம் அட்டவணையில் வருகின்றன. வைத்திருப்பதையும், கைமாறுவதையும், குஞ்சு பொரிப்பதையும் மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் தெரிவித்துப் பதிய வேண்டும். அதற்கான விதிகள் 2024 பிப்ரவரியில் வந்தன. இறக்குமதிக்கு சைட்டீஸ் அனுமதியும் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தின் உரிமமும் தேவை.

“வாங்கிக்கங்க, அப்புறம் பார்த்துக்கலாம்” என்று சொல்பவரிடம் பதிவுச் சான்றைக் கேளுங்கள். பெட்டியில் ஒளித்துக் கடத்திவரும்போது வழியிலேயே செத்துப்போகும் உயிர்கள் ஏராளம். காகிதம் இல்லாத ஒரு ஜோடியை வாங்கினால் அடுத்த பெட்டிக்குப் பணம் கொடுத்ததாகிவிடும்.

மாதவரத்திலிருந்து: என்னென்ன செடி வைக்கலாம்? அடுத்த மாதம் ஏற்காடு போகிறோம், அங்கிருந்து பாசி பெயர்த்து வரட்டுமா?

காப்புக்காட்டிலிருந்து அனுமதியில்லாமல் எதையும் எடுப்பது குற்றம். அந்தப் பாசி இங்கே பிழைக்கவும் பிழைக்காது. மலைக் குளிரில் வளர்ந்தது நம் சூட்டில் சில வாரத்தில் கறுத்துவிடும். மீன் கடைகளில் கிடைக்கும் ஜாவா மாஸ் பாசியைப் பொடியாக நறுக்கி, மோர் பதத்தில் தண்ணீரில் கலந்து, அருவிக் கல்மேலும் தேங்காய் நார்ப் பலகைமேலும் பூசுங்கள். ஈரம் குறையாமல் இருந்தால் இரண்டு மூன்று மாதத்தில் பச்சை பிடித்துவிடும்.

மற்றவை உங்கள் பக்கத்து நர்சரிகளிலேயே கிடைக்கும்: பின்சுவருக்கு ஃபைகஸ் பியூமிலா, நடுவே சிங்கோனியம், பெப்பரோமியா, தரையோரம் பிட்டோனியா, மேலே சின்ன நியோரெகேலியா பிரோமிலியாட். மணி பிளான்ட் வேண்டாம், ஒரே வருடத்தில் தொட்டியையே விழுங்கிவிடும். நர்சரிச் செடியில் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். அதோடு வரும் நர்சரி மண்ணை முழுக்க உதறி, வேரையும் இலையையும் ஓடும் தண்ணீரில் கழுவி, ஒரு மாதமாவது தனியே வையுங்கள்.

தரைக்கு நாட்டு வாதாம் இலையைவிட நல்லது கிடையாது. நம் தெருக்களில் சும்மா உதிர்ந்து கிடக்கிறது. பழுத்துச் சிவந்து விழுந்ததைப் பொறுக்கி, கொதிக்கவைத்து, காயவைத்துப் பரப்புங்கள். அதன் அடியில், மக்கும் இலையையும் பூஞ்சாணத்தையும் தின்னும் ஸ்பிரிங்டெயில் என்ற பொடிப் பூச்சிகள் குடியேறினால் தொட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும். அவற்றை வளர்க்க இஸ்திரிக் கடை மரக்கரி போதும். மூடியுள்ள டப்பாவில் நனைந்த கரி, மேலே நான்கு அரிசி மணி.

தண்டையார்பேட்டையிலிருந்து: அருவித் தண்ணீரில் கொசு வருமா? ராத்திரி கொசுவத்தி ஏற்றலாமா?

ஓடும் தண்ணீரில் வராது. பிரோமிலியாட் இலைக் குழியிலும் தேங்கிய மூலையிலும் ஏடிஸ் கொசு முட்டையிடும். வாரம் ஒருமுறை அந்தக் குழிகளில் புதுத் தண்ணீரைப் பீய்ச்சிப் பழையதைத் தள்ளிவிடுங்கள். காற்றுத் துளைகளில் நுண்ணிய வலை போடுங்கள்.

கொசுவத்தி, லிக்விட், ஸ்பிரே எதுவும் அந்த அறையில் கூடாது. ஸ்பிரிங்டெயிலும் பழ ஈயும் முதலில் சாகும், தவளையின் தோலும் அந்த மருந்தை வாங்கிக்கொள்ளும். நீங்கள் கொசுவலை கட்டிப் படுத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சியின் கொசுப்புகை அடிக்கும் வண்டிச் சத்தம் கேட்டதும் ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

பெரம்பூரிலிருந்து இன்னொருவர்: முறைப்படி பதிவுசெய்த தவளைகள் ஒரு நண்பரிடமிருந்து எனக்கு வரப்போகின்றன. தீனிக்கு என்ன செய்வது?

பறக்காத பழ ஈ. 25 டிகிரியில் முட்டையிலிருந்து ஈயாக ஏறக்குறைய பத்து நாள் ஆகும். அதனால் வாராவாரம் ஒரு புது பாட்டில் தொடங்க வேண்டும். மசித்த வாழைப்பழம், ஓட்ஸ், கொஞ்சம் வினிகர், ஒரு சிட்டிகை ஈஸ்ட் போதும். பாட்டிலையும் ஏசி அறையிலேயே வையுங்கள். 30 டிகிரியில் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். சிறகு குன்றிய வகைக்கு அந்தச் சூட்டில் சிறகு நீளமாக வளர்வதும் உண்டு. எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றிய தட்டில் பாட்டில்களை நிறுத்துங்கள். போடும் முன் ஈக்களை கால்சியம், வைட்டமின் டி3 கலந்த ஊர்வனவற்றுக்கான பொடியில் புரட்ட வேண்டும், இல்லையென்றால் எலும்பு வளைந்துவிடும்.

அருவி விழும் குட்டை ஓரங்குல ஆழத்துக்கு மேல் வேண்டாம், ஏறிவரக் கல்சரிவு இருக்கட்டும். இவற்றுக்கு நீச்சல் சரியாக வராது. இன்வெர்ட்டரும் கட்டாயம் தேவை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் பக்கம் பல தெருக்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை.

கொருக்குப்பேட்டையிலிருந்து: தவளை வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அருவித் தொட்டியில் வேறு என்ன விடலாம்?

நல்ல முடிவு. மண்மேடையையும் அதற்கேற்ப உயரமாகப் போட்டு, கீழ்த்தண்ணீரை ஆறு அங்குலமாக உயர்த்தி, முன்பக்கம் மண்மேடை இல்லாமல் திறந்துவிட்டு, கப்பியும் செர்ரி இறாலும் விடுங்கள். இரண்டும் நம் சூட்டைத் தாங்குபவை, கொளத்தூரில் எளிதாகக் கிடைக்கும். கப்பி கொசுப் புழுவையும் தின்னும். ஃபைட்டர் மீனுக்கு அருவியின் இழுப்பு பிடிக்காது, அதை விட்டுவிடுங்கள். மோட்டார் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டாமல் மட்டும் ஓடவிடாதீர்கள், குஞ்சு இறால்களை இழுத்துவிடும். அந்த ஸ்பாஞ்சை வாரம் ஒருமுறை தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் அலசினால் அதிலுள்ள நல்ல பாக்டீரியா போய்விடும்.