கடல்நீர் மீன்தொட்டியில் வெள்ளைப் புள்ளி நோய் திரும்பத் திரும்ப வருகிறது, பவளங்களைக் கெடுக்காமல் எப்படி ஒழிப்பது?

கேள்வியின் சுருக்கம்: 200 லிட்டர் பவளத் தொட்டி. பவுடர் ப்ளூ டேங் என்ற மீன் மேல் உப்புக்கல் அளவில் புள்ளிகள். கடைக்காரர் சொன்னபடி பூண்டுச் சாறு கலந்த தீனி கொடுத்து, ஹீட்டரையும் கூட்டியிருக்கிறார். நான்கு நாளில் புள்ளி மறைந்து, அடுத்த வாரம் இரண்டு மடங்காக வந்திருக்கிறது. (200 லிட்டரில் பவுடர் ப்ளூ வைத்தது தனிப் பஞ்சாயத்து, அதை இன்னொரு நாள் பேசலாம்.)

பூண்டு எதையும் குணமாக்கவில்லை. புள்ளி மறைந்தது ஒட்டுண்ணியின் வழக்கமான கால அட்டவணைப்படிதான். கிரிப்டோகாரியன் இரிட்டன்ஸ் என்ற இந்த ஒருசெல் உயிரி மீனின் தோலுக்கு அடியிலும் செவுளிலும் 3 முதல் 7 நாள் தின்று பருக்கும். பிறகு தானாகக் கழன்று விழுந்து மணல், பாறை, கண்ணாடி, நத்தை ஓடு என்று கிடைத்த இடத்தில் ஒட்டிக்கொண்டு கூடு கட்டும். கூட்டுக்குள் பலவாகப் பிரிந்து, ஒரு கூட்டிலிருந்து 200 வரை நீந்தும் குஞ்சுகள், பெரும்பாலும் இருட்டு நேரத்தில், வெளியே வரும். சில கூடுகள் 3 நாளில் வெடிக்கும், சில வாரக்கணக்கில் கிடக்கும். பதிவான உச்சம் 72 நாள். வெளியே வந்த குஞ்சுக்கு ஓரிரு நாளுக்குள் மீன் கிடைக்காவிட்டால் சாவுதான்.

இதற்கு வழக்கமான மருந்தான காப்பர் (செம்பு) கொல்வது இந்த நீந்தும் பருவத்தை மட்டுமே. தோலுக்குள் இருப்பதையும் கூட்டுக்குள் இருப்பதையும் அது தொடாது. வெப்பத்தைக் கூட்டினால் சுழற்சி வேகமாகும், தண்ணீரில் ஆக்சிஜன் குறையும், அவ்வளவுதான். யுவி விளக்கு எண்ணிக்கையைக் குறைக்கும், ஒழிக்காது. க்ளீனர் இறாலும் தோலுக்கு அடியில் உள்ளதைத் தின்ன முடியாது.

மருந்தை எடுக்கும் முன் மீனின் தோலையும் மூச்சையும் பாருங்கள். டார்ச்சைப் பக்கவாட்டில் அடிக்கும்போது தனித்தனியாக எண்ணக்கூடிய புள்ளி தெரிந்தால் மேலே சொன்ன நோய். மஞ்சள் சாயலில் மெல்லிய தூள் படிந்தது போல இருந்து, மீன் வேக வேகமாக மூச்சு வாங்கி, பம்ப் தள்ளும் நீரோட்டத்துக்கு எதிரே முகத்தை வைத்து நின்று, தீனியையும் வெளிச்சத்தையும் தவிர்த்தால் அது வெல்வெட் நோய், அதாவது அமிலூடினியம் என்ற வேறு ஒட்டுண்ணி. இரண்டு மூன்று நாளில் தொட்டியே காலியாகிவிடும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக்கூடாது. க்ளௌன் மீனின் தோல் சளி சளியாக உரிந்தால் அது ப்ரூக்லினெல்லா என்ற இன்னொரு ஒட்டுண்ணி. அதற்குக் காப்பர் வேலை செய்யாது, ஃபார்மலின்தான்.

இனி சிகிச்சை. புள்ளி உள்ள மீனை மட்டுமல்ல, எல்லா மீனையும் வெளியே எடுக்க வேண்டும். நன்றாக இருப்பதாகத் தெரியும் மீனின் செவுளில் நான்கு ஒட்டுண்ணி இருந்தாலே தொட்டியில் சுழற்சி நிற்காது. வலையோடு துரத்தினால் பவளம்தான் உடையும். பாதித் தண்ணீரை டிரம்மில் இறக்கி, பாறைகளை டப்பில் எடுத்து வைத்துவிட்டுப் பிடியுங்கள்.

பிடித்த மீன்களை விட்டு மருந்து கொடுக்கும் தனிமைத் தொட்டியில் மணலும் பாறையும் கூடாது, இரண்டும் காப்பரை உறிஞ்சும். ஒளிய பிவிசி எல்போக்கள், ஒரு ஹீட்டர், ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் பில்டர் போதும். ஸ்பாஞ்சைப் பவளத் தொட்டியின் சம்பில் (வடிகட்டும் துணைத் தொட்டி) ஊறப்போட்டு எடுத்தால் பாக்டீரியா கிடைக்கும். அதோடு வரும் ஒட்டுண்ணியைக் காப்பர் கவனித்துக்கொள்ளும். பில்டரில் கரி இருந்தால் எடுத்துவிடுங்கள்.

மருந்தின் அளவைத் தொட்டிக்குப் பேருக்குச் சொல்லும் லிட்டரை வைத்துக் கணக்கிடாதீர்கள். 60 செ.மீ. நீளம், 40 அகலம், தண்ணீர் உயரம் 35 என்றால் 84 லிட்டர். க்யூப்ரமைன் என்ற காப்பர் மருந்து என்றால் 40 லிட்டருக்கு 1 மி.லி. வீதம் 2.1 மி.லி., 48 மணி நேரம் கழித்து இன்னொரு 2.1 மி.லி. அப்போது அளவு லிட்டருக்கு 0.5 மி.கி. வரும். காப்பர் பவர் என்பது வேறு வகைக் காப்பர் மருந்து, அதன் இலக்கு லிட்டருக்கு 2.5 மி.கி. ஒன்றின் எண்ணை மற்றதில் போட்டால் மீன் செத்துப்போகும், அல்லது நோய் பிழைத்துக்கொள்ளும். ஏஞ்சல், ராஸ் மீன்களுக்கு இலக்கை நான்கைந்து நாளில் படிப்படியாக எட்டுங்கள். வெல்வெட்டுக்கு மட்டும் அந்தச் சாவகாசம் கிடையாது. நிறம் ஒப்பிடும் சோதனையில் 2.0க்கும் 2.5க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. ஹன்னா எச்ஐ702 போன்ற டிஜிட்டல் மீட்டர் விலை அதிகம், ஆனால் இந்த வேலையில் அதில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இலக்கு எட்டிய நாளிலிருந்து 30 நாள். நடுவில் ஒரு நாள் அளவு இறங்கினாலும் எண்ணிக்கையை முதலிலிருந்து தொடங்குங்கள். ஆவியான தண்ணீருக்கு வெறும் ஆர்ஓ தண்ணீர், ஏனென்றால் காப்பர் ஆவியாகாது. தண்ணீர் மாற்றும்போது புதுத் தண்ணீரில் அதே அளவு காப்பரைக் கலந்தே ஊற்றவேண்டும், 20 லிட்டருக்கு க்யூப்ரமைன் 1 மி.லி.

தனிமைத் தொட்டியில் மீன் சாவது பெரும்பாலும் நோயால் அல்ல, அம்மோனியாவால். தினமும் சோதித்து, ஏறினால் பாதித் தண்ணீரை மாற்றுங்கள். ப்ரைம் போன்ற அம்மோனியா முறிக்கும் திரவத்தைக் காப்பரோடு சேர்க்காதீர்கள், காப்பரின் நச்சுத்தன்மை ஏறிவிடும். மின்வெட்டு உள்ள ஊரென்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கையில் இருக்கட்டும்.

காப்பர் பிடிக்காதவர்களுக்கு இரண்டு மாற்று உண்டு. ஒன்று, 72 மணி நேரத்துக்கு ஒருமுறை முற்றிலும் உலர்ந்த புதுத் தொட்டிக்கும் புதுத் தண்ணீருக்கும் மீனை மாற்றுவது, மொத்தம் நான்கு முறை. விழுந்த கூடு வெடிக்கும் முன் மீன் இடம் மாறிவிடும். இன்னொன்று, உப்புநீரின் ஒப்படர்த்தியை 1.009க்கு இறக்கி 30 நாள் வைப்பது. 1.012 போதாது, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரைச் சரிபார்க்காமல் இதில் இறங்காதீர்கள். இரண்டுமே வெல்வெட்டுக்கு உதவாது.

இதற்கிடையில் பவளத் தொட்டி மீனே இல்லாமல் 76 நாள் தரிசாகக் கிடக்க வேண்டும். 27 டிகிரியில் வைத்தால் 45 நாளே போதும் என்பவர்கள் இருக்கிறார்கள். டேங் வளர்ப்பவர் 76 நாளைக் குறைக்காமல் இருப்பதே நல்லது. பவளம், இறால், நத்தை எல்லாம் உள்ளேயே இருக்கலாம், அவற்றில் இந்த ஒட்டுண்ணி வாழாது. தினமும் ஒரு சிட்டிகை தீனி போடுங்கள். இல்லாவிட்டால் நைட்ரேட் பூஜ்யத்துக்கு இறங்கிப் பவளம் வெளுக்கும், மணலில் பழுப்புச் சளி படரும். இரண்டு தொட்டிக்கும் ஒரே வலை, ஒரே ஈரக் கை கூடாது. வெல்வெட் என்றால் ஃபேன் காற்றில் துளியாகவே 3 மீட்டர் தாண்டும், தனிமைத் தொட்டியை வேறு அறையில் வையுங்கள்.

இந்த நாட்களில் புதிதாக ஒரு நத்தையோ பவளத் துண்டோ வாங்கிப் போட்டால், அதன் ஓட்டிலோ அடிக்கட்டையிலோ கூடு ஒட்டி வரலாம். அன்றிலிருந்து மறுபடி 76 நாள்.

30 நாள் முடிந்ததும் கரி போட்டுக் காப்பரை எடுத்துவிட்டு, மீதி நாளையும் மீன்கள் தனிமைத் தொட்டியிலேயே கழிக்கட்டும். தட்டைப்புழுவுக்கு ப்ராசிகுவான்டல் லிட்டருக்கு 2.5 மி.கி. கொடுக்க அதுவே நேரம், முட்டையை மருந்து கொல்லாததால் ஒரு வாரத்தில் இன்னொரு முறை. காப்பர் கண்ட அந்தக் கண்ணாடித் தொட்டியில் பின்னாளில் இறாலோ பவளமோ விடாதீர்கள், சிலிகான் கொஞ்சம் பிடித்து வைத்திருக்கலாம்.