மூன்று மணிக்குப் பற்றிய தீ செயற்கைக்கோளுக்கு எப்போது தெரியும்? – காட்டுத்தீ கேள்வி-பதில்

எதிர்மலையில் தீ எரிவதைச் சாயங்காலம் கண்ணாலேயே பார்த்தோம். தீ எரியும் இடங்களைப் புள்ளிகளாகக் காட்டும் நாசாவின் ஃபிர்ம்ஸ் இணைய வரைபடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. செயற்கைக்கோள் கோட்டை விட்டுவிட்டதா?
– வாசகி, போடிநாயக்கனூர்

அந்த நேரத்தில் அது உங்கள் தலைக்கு மேலே இல்லை, அவ்வளவுதான். தீயைக் கண்டறிய இன்று பெரிதும் நம்பப்படுவது சுவோமி என்பிபி, நோவா-20, நோவா-21 செயற்கைக்கோள்களில் உள்ள, வெப்பத்தை உணரும் விஐஐஆர்எஸ் கருவி. இவை மூன்றுமே நம் பகுதியைப் பகல் ஒன்றரை மணியை ஒட்டியும் இரவு ஒன்றரை மணியை ஒட்டியும்தான் கடக்கின்றன. மாலை மூன்று மணிக்குப் பற்றிய தீ, நள்ளிரவு தாண்டித்தான் அவற்றின் பார்வைக்கு வரும். அந்தத் தரவு தரைக்கு வந்து புள்ளியாக மாற மேலும் மூன்று மணி நேரம் வரை ஆகலாம். இந்தியாவின் வானிலைச் செயற்கைக்கோளான இன்சாட்-3டிஆர் அரை மணிக்கொரு முறை பார்க்கிறது. ஆனால் 36,000 கி.மீ. உயரத்திலிருந்து 4 கி.மீ. கட்டங்களாகப் பார்ப்பதால், தீ பெரிதானால்தான் பிடிபடும். மேகம் மூடினாலோ, அடர்ந்த மரங்களுக்கு அடியில் சருகுத்தீ தரையோடு ஊர்ந்தாலோ எதற்குமே தெரியாமல் போகலாம்.

ஆகவே வரைபடத்தில் புள்ளி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். புகையைப் பார்த்ததும் ரேஞ்சர் ஆபீசுக்குப் போன் செய்யுங்கள். பத்து மணி நேரத்துக்கு முன்னால் கிடைக்கும் அந்தத் தகவலுக்கு ஈடாக எந்தக் கருவியும் இல்லை.

தீப்புள்ளி சரியாக என் தோட்டத்தின் மேல் விழுந்திருக்கிறது. நான் எதையும் கொளுத்தவில்லை.
– விவசாயி, கூடலூர்

விஐஐஆர்எஸ் கருவியின் புள்ளி என்றால், அது 375 மீட்டர் கட்டம் ஒன்றின் நடுப்பகுதியைக் காட்டுவது. கட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 35 ஏக்கர். அதற்குள் தீ எந்த மூலையிலும் இருந்திருக்கலாம். பழைய மோடிஸ் கருவியின் புள்ளி என்றால் கட்டம் 1 கி.மீ. இதை வைத்து யாருடைய பட்டா நிலத்தையும் சுட்டிக்காட்ட முடியாது. நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

தீயை அணைத்த பிறகும் ட்ரோன் பறக்கவிடச் சொல்கிறார்கள். அதனால் என்ன பயன்?
– வனக்காப்பாளர், மேற்குத் தொடர்ச்சி மலை

ட்ரோன் முழுமையாகக் கைகொடுக்கும் கட்டமே இதுதான் என்பேன். மேலே சாம்பல் பூத்திருக்கும். விழுந்த மரத்தின் உள்ளே, வேரடியில், காய்ந்த சாணத்தில் கங்கு உயிரோடு இருக்கும். மறுநாள் உச்சிவெயிலில் காற்று எழுந்தால் அதுவே தீத்தடுப்புக் கோட்டைத் தாண்டிவிடும். ட்ரோனில் உள்ள, வெப்பத்தைப் படமாக்கும் தெர்மல் கேமரா அந்தக் கங்கைத் தனியாகக் காட்டிக்கொடுக்கும். புகையும் அதற்குப் பெரிய தடையில்லை.

ஆனால் நேரம் முக்கியம். பிற்பகலில் பறக்கவிட்டால் வெயிலில் காய்ந்த பாறைகள் எல்லாம் திரையில் வெள்ளை வெள்ளையாக ஒளிரும். எது கங்கு, எது கல் என்று தெரியாது. விடியலுக்கு முந்தைய நேரத்தில் பாறை குளிர்ந்திருக்கும், கங்கு மட்டும் பளிச்சென்று நிற்கும்.

இன்னொன்று, மலையில் பலரும் கவனிக்கத் தவறுவது. பொதுவாக ட்ரோன் திரையில் காட்டும் உயரம், கிளம்பிய இடத்திலிருந்து கணக்கிடப்படுவது. பள்ளத்தாக்கில் நின்று 100 மீட்டர் ஏற்றினால், எதிர்முகடு 150 மீட்டர் இருக்கும்போது அது நேராகப் போய் மோதும். சிக்னல் அறுந்து தானாகத் திரும்பும்போதும் இதே ஆபத்து உண்டு. அதனால் திரும்பும் உயரத்தைப் பக்கத்து முகட்டை விட அதிகமாக வைத்துவிட்டுத்தான் கிளப்ப வேண்டும். முடிந்தால் முகட்டிலிருந்தே கிளப்புங்கள், சிக்னலும் நிற்கும். கங்கு தெரிந்ததும் வாக்கி-டாக்கியில் வெறும் அட்சரேகை எண்ணை வாசிக்காமல், “சாய்ந்த மரத்துக்கு இடப்பக்கம், ஓடைக்கு மேலே” என்றும் சொல்லுங்கள். மண்வெட்டியோடு நிற்பவருக்கு அதுதான் வழி.

காட்டுத்தீயை என் சொந்த ட்ரோனில் படம் எடுத்து வனத்துறைக்குக் கொடுக்கலாமா?
– யூடியூபர், கோவை

தயவுசெய்து வேண்டாம். 2025 ஜனவரி 9 அன்று லாஸ் ஏஞ்சலஸ் பாலிசேட்ஸ் தீயின்போது, தனியார் ட்ரோன் ஒன்று தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்த கனடா நாட்டு சிஎல்-415 விமானத்தின் இறக்கையில் மோதி ஓட்டை போட்டது. ஊர் எரிந்துகொண்டிருந்தபோது அந்த விமானம் சில நாட்கள் தரையில் கிடந்தது. நம்மிடமும் 2024 மார்ச்சில் குன்னூர் தீயை அணைக்க விமானப்படையின் எம்ஐ-17 ஹெலிகாப்டர் வந்தது. அந்த வானத்தில் உங்கள் ட்ரோனுக்கு இடமில்லை.

ட்ரோனால் தண்ணீர் ஊற்றித் தீயை அணைக்கும் கருவியைப் புராஜெக்டாகச் செய்கிறோம். சரிவருமா?
– பொறியியல் மாணவர்கள், மதுரை

மருந்து தெளிக்கும் ட்ரோன் சாதாரணமாகத் தூக்குவது 10 லிட்டர். சிஎல்-415 ஒரே தடவையில் 6,000 லிட்டருக்கு மேல் கொட்டும். கணக்கு உங்களுக்கே புரியும். அதே உழைப்பைக் கங்கு தேடும் மென்பொருளில் போடுங்கள். வனத்துறைக்கு நிச்சயம் உதவும்.

எரிந்த பரப்பைச் சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் அளந்தேன். தீயே பிடிக்காத தேக்குக் காடும் எரிந்ததாக வருகிறதே?
– ஆய்வு மாணவி, சத்தியமங்கலம்

தீக்கு முந்தைய படமாக எந்த மாதப் படத்தை எடுத்தீர்கள்? டிசம்பர் படத்தோடு மார்ச் படத்தை ஒப்பிட்டால், இடையில் உதிர்ந்த இலையும் எரிப்புக் குறியீட்டில் (அகச்சிவப்பு ஒளியை வைத்து எரிந்த இடத்தைக் கண்டறியும் கணக்கு) தீ போலவே தெரியும். பச்சை இலை நன்றாகப் பிரதிபலிக்கும் அண்மை அகச்சிவப்பு குறைவதும், நீளம் கூடிய குற்றலை அகச்சிவப்பு கூடுவதும் இரண்டிலும் நடக்கும். தீக்குச் சில நாட்களுக்கு முந்தைய படத்தைத் தேடுங்கள். பிந்தைய படத்தையும் தள்ளிப்போடாதீர்கள்; ஒரு கோடைமழை பெய்து புல் துளிர்த்துவிட்டால், எரிந்த புல்வெளி படத்தில் எரியாததாகிவிடும்.

தீ எச்சரிக்கை பொதுமக்களுக்கும் கிடைக்குமா?
– வாசகர், ஏற்காடு

கிடைக்கும். டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் ‘வன் அக்னி’ தளத்தில் உங்கள் செல்போன் எண்ணையும் பகுதியையும் பதிந்துகொண்டால் எஸ்எம்எஸ் வரும். பிப்ரவரி பிறப்பதற்குள் பதிந்துவிடுங்கள்.